தையில் கிழிந்த முழங்கால்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் ஊர்களில் சடுகுடுவுக்கு நாள் குறித்தது பஞ்சாங்கம்தான். பொங்கல் வந்தால், ஆடித் திருவிழா வந்தால் களத்தில் கோடு விழும். கடலூர், விழுப்புரம் பக்கத்து அணிகளும் வந்து இறங்கும். அடிபட்டவர் எப்போது திரும்புவது என்பதையும் அந்த நாட்காட்டியே முடிவு செய்தது. ஆட்டத்தின் முரட்டுத்தனத்தைவிட இந்த வழக்கமே சிற்றூர் கபடிக்குப் பெரிய ஆபத்து என்பேன். ஏனென்றால் ஆட்டம் மாறிவிட்டது, நாட்காட்டி மாறவில்லை. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு வந்து விதிகளை ஒழுங்குசெய்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது. 2014-இல் புரோ கபடி தொலைக்காட்சிக்கு வந்தபின் மேட் விரிப்பும் ஷூவும் ஊர் இளைஞர்களின் ஆசையாயின. வெறுங்கால் மண்ணில் சறுக்கும். விரிப்பிலோ ஷூ பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது, முறுக்கெல்லாம் முழங்காலின் ஏசிஎல் தசைநாரில் இறங்கும்.

அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்பார்கள். முழங்கால் போனவர் சத்தமில்லாமல் களத்தைவிட்டு ஒதுங்கினார். அவரைக் கணக்கெடுத்தவர் இல்லை. மிஞ்சி ஆடியவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டம் பத்திரமானது என்று சொல்ல முடியாது. அடிபட்டவர் நாடிய, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் கட்டு வைத்தியம் முறிந்த எலும்புக்காக உருவானது. தசைநார் கிழிந்தவரோ வீக்கம் வடிந்ததும் நன்றாக நடப்பார், வயல் வேலையும் பார்ப்பார்; பாடிப் போய்ச் சட்டென்று திரும்பும்போதுதான் முட்டி விலகும். நடை சரியானதைக் குணமானதாக எண்ணியதில்தான் பழைய அறிவு தவறியது.

இயன்முறை மருத்துவர் இல்லாத ஊர் மன்றம் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 2008-இல் நார்வேயில் கால்பந்து ஆடும் சிறுமியரிடம் சோதித்த இருபது நிமிடப் பயிற்சிக்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை; ஓட்டம், குந்தல், குதித்து இறங்கும் முறை போன்றவைதான். காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கபடிக்கும் அதே அளவு பலன் தரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் முட்டியை வளைத்து மெதுவாக இறங்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுதான். அடிபட்டவர் களத்துக்குத் திரும்புவதற்கு 2016-இல் வந்த ஓர் ஆய்வு தெளிவாக வழிகாட்டுகிறது: ஏசிஎல் அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. தையில் கிழிந்து உடனே அறுவை செய்துகொண்டவருக்குக்கூட ஆடித் திருவிழாவில் ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். அந்தப் போட்டியில் அவர் பெயரைச் சேர்க்காமல், தொடைத் தசைக்கு வலுவேற்றி அடுத்த பொங்கலுக்கு இறக்க மன்றத்துக்குப் பத்துப் பைசா செலவில்லை.