பேக் மாஸ்டர் எங்கட ஆளா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

2020 மே 7, வெசாக் தினம். நோன்பு காலம். ஊரடங்கு, பள்ளிவாசல் பூட்டு. அஸருக்குப் பிறகு உம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் மொஹிதீன் பேக் புத்தரைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தார். கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உம்மா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இவர அடக்கினதுதானே, மகன்?"

பேக் மாஸ்டர் மௌத்தானது 1991 நவம்பர் 4இல். அன்றைக்கு அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் வந்திருக்காது.

அவர் பிறந்தது 1919இல், சேலத்தில். 1930களின் தொடக்கத்தில் சிறு வயதிலேயே இலங்கைக்கு வந்துவிட்டார். 1947இல் வந்த 'அசோகமாலா' படத்தில் பாடினார். துட்டகைமுனுவின் மகன் சாலிய, தாழ்ந்த குலம் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணைக் கல்யாணம் முடித்த கதை அது. இசை முகம்மது கவுஸ். பின்னாளில் அமரதேவ என்று நாடே கொண்டாடிய அல்பர்ட் பெரேராவும் அதில் பாடியிருக்கிறார். பேக்கோடு பல ஜோடிப் பாட்டுப் பாடிய ருக்மணி தேவியின் சொந்தப் பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். சிறுமியாக இருக்கும்போதே எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு இசைத்தட்டில் பாடினார், அதுவும் புத்தகயாவைப் பற்றி! சிங்களச் சினிமாப் பாட்டின் அத்திவாரத்தில் எத்தனை வீட்டுக் கல் இருக்கிறது, பாருங்கள்.

அடுத்த வருடமே இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1956இல் தனிச் சிங்களம், 1958இல் கலவரம். பாட்டு நிற்கவில்லை. அதுகளும் நிற்கவில்லை.

எனக்கு உறுத்துகிற இடம் வேறு. சிங்கள நகைச்சுவையில் தொப்பி போட்ட ஒரு முதலாளி வருவார், தெரியும்தானே? அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு. ஏனென்றால் அவருடைய சிங்களம் கோணல். பேக் மாஸ்டரின் சிங்களத்திலும் அந்த வாடை கடைசிவரை இருந்தது. வெசாக் பந்தலுக்குக் கீழே அதைக் கேட்டுக் கண் கலங்குகிறவரே, மறுநாள் பஸ்ஸில் நாங்கள் போனில் தமிழில் பேசினால் திரும்பி முறைக்கிறார். குரலுக்குக் கொடுத்த இடத்தைப் பக்கத்து ஆசனத்துக்குக் கொடுக்க முடியவில்லை.

அளுத்கம (2014), திகன (2018), மினுவாங்கொட (2019) என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் பேக்கின் படத்தைப் போட்டு, "பாருங்கள், நாங்களும் இந்த நாட்டுக்குத் தந்திருக்கிறோம்" என்று எழுதினோம். நானும் எழுதினேன். இப்போது அதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் இந்த மண்ணில் நிம்மதியாகக் கடை திறக்க, அவனுடைய சமூகத்தில் யாரோ ஒருவர் பெரும்பான்மைக்குப் பிடித்த மாதிரிப் பாடியிருக்க வேண்டுமா? நன்னடத்தைச் சான்றிதழாகப் பயன்படட்டும் என்றா அவர் பாடினார்? அது அவருடைய தொழில், அவருடைய ஆசை.

இனவாதத்தைப் பற்றிச் சிங்களத்தில், சிங்களவருக்கே முகத்துக்கு நேரே பேசியவர் ஜிப்ஸீஸ் சுனில் பெரேரா. 2021இல் காலமாகும்வரை அதற்காகத் திட்டும் வாங்கினார். அந்த வேலையை அவர் மாதிரி ஆட்களால்தான் செய்ய முடியும். பேக் மாஸ்டர் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

எங்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. பாட்டுக்காரர், அதிலும் புத்தர் பாட்டுப் பாடினவர் என்று நாங்கள் அவரை வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. பாட்டு கூடுமா கூடாதா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய விஷயம், அதை இங்கே கிளற வரவில்லை. ஆனால் போன கிழமை தரம் 10 வகுப்பில் அவருடைய பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். முப்பத்தி நான்கு பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவன் கேட்டான்: "சேர், அவர் எங்கட ஆளா, அவங்கட ஆளா?"

மணி அடித்துவிட்டது. நாளைக்கு அந்த வகுப்புக்குத் திரும்பப் போக வேண்டும். பேக் மாஸ்டரை நேரில் பார்த்த, அவருடைய பாட்டை மேடையில் கேட்ட பெரியவர்கள் ஊரில் இருந்தால் கீழே இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.