நெப்ராஸ்கா கால்பந்து ரசிகர்களின் அதிருப்தி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனில் இயங்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 'கார்ன்ஹஸ்கர்ஸ்'. ஐந்து முறை தேசியச் சாம்பியன் என்ற தகுதி பெற்ற இந்த அணி 2002 முதல் சரியத் தொடங்கியது. அதனால் அதன் ரசிகர்களிடம் மூண்ட கோபமும் ஏமாற்றமும் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு. இங்கே கால்பந்து எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி அணிக்கு ஒரு பருவத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு ஆட்டங்கள்தாம் உண்டு. செப்டம்பர் வாக்கில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடிந்துவிடும் அவற்றில் ஏழெட்டு மட்டுமே சொந்த ஊரில் நடக்கும். வழக்கமாக ஆறு வெற்றியாவது பெற்றால்தான் ஆண்டிறுதியில் நடைபெறும் 'பௌல்' எனப்படும் சிறப்பு ஆட்டத்துக்கு அழைப்பு வரும். ஆகவே ஒரு சனிக்கிழமைத் தோல்வியை மறக்க அடுத்த சனிக்கிழமை வரையாவது காத்திருக்க வேண்டும். ஒரு பருவம் கெட்டால் ஓராண்டு.

பின்னணி

நெப்ராஸ்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ இருபது லட்சம். சோளமும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த இம்மாநிலத்தில் தொழில்முறைக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் ஆகியவற்றின் முதல்நிலை அணி ஒன்றுகூட இல்லை. மாநிலம் முழுவதற்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரு கல்லூரி அணி. லிங்கனில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் அமரலாம். ஆட்ட நாளில் அந்த மைதானமே ஓமஹா, லிங்கன் நகரங்களுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகிவிடும் என்று சொல்வார்கள். கணக்கும் அப்படித்தான் வருகிறது. கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ரசிகர்கள் இவ்வாயில்களின் வழியே செல்கின்றனர் என்ற பொருள்படும் வாசகம் நுழைவாயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வென்று செல்லும் எதிரணிக்கும் எழுந்து நின்று கைதட்டுவது இங்குள்ள வழக்கம். 1980-இல் இங்கு வந்து 18-14 என வென்ற புளோரிடா ஸ்டேட் அணியின் பயிற்சியாளர் பாபி பௌடன், அந்த மரியாதையில் நெகிழ்ந்து நெப்ராஸ்கா ரசிகர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். இத்தகைய கூட்டம் தன் சொந்த அணியைப் பார்த்துக் கூச்சலிட்டது என்பதே பின்னாளைய நிகழ்வுகளுக்குத் தனி கவனத்தைத் தேடித்தந்தது.

தொடக்க கால வரலாறு

அணியின் முதல் ஆட்டம் 1890-இல் நடந்தது. ஆரம்பத்தில் அதற்கு நிலையான பெயர் இல்லை. ஓல்டு கோல்டு நைட்ஸ், ஆன்டெலோப்ஸ், ராட்டில்ஸ்னேக் பாய்ஸ், பக்ஈட்டர்ஸ் என்று ஆளுக்கொரு பெயரால் அழைத்தனர். பூச்சி தின்போர் எனப் பொருள்படும் கடைசிப் பெயர் பிடிக்காமல், லிங்கன் நகரப் பத்திரிகையாளர் சை ஷெர்மன், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோளத்தோகை உரிப்போரைக் குறிக்கும் 'கார்ன்ஹஸ்கர்ஸ்' என்ற பெயரை எழுதி எழுதியே நிலைநிறுத்தினார். 1945-இல் மாநிலமே தன் அதிகாரப்பூர்வச் சிறப்புப் பெயரை 'மரம் நடுவோர் மாநிலம்' என்பதிலிருந்து 'கார்ன்ஹஸ்கர் மாநிலம்' என்று மாற்றிக்கொண்டது. மாநிலத்தின் பெயரை அணி சூடுவது எங்கும் உள்ளது. அணியின் பெயரை மாநிலம் சூடியது இங்கே.

'ஜம்போ' ஸ்டீம் பயிற்சியளித்த 1911 முதல் 1915 வரையிலான ஐந்து பருவங்களில் அணி 35 ஆட்டங்களில் வென்று, இரண்டில் மட்டுமே தோற்றது. 1922, 1923 ஆகிய இரு ஆண்டுகளிலும், அக்காலத்தில் எவரும் அசைக்க முடியாதிருந்த நோட்டர் டேம் அணியை லிங்கனில் வீழ்த்தியது. 1923-இல் மெமோரியல் ஸ்டேடியம் திறக்கப்பட்டபோது அதில் 31,000 பேருக்கு இடம் இருந்தது. 1941 புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு அணி அழைக்கப்பட்டது. ஸ்டான்போர்டிடம் 21-13 என்று தோற்றபோதிலும், அங்கு ஆடியதே பெரும்பேறாகக் கொண்டாடப்பட்டது.

அதன்பின் வந்த இருபத்தோரு ஆண்டுகளைப் பிற்கால ரசிகர்கள் மறந்துவிடுவது வழக்கம். 1941 முதல் 1961 வரை தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த பருவங்கள் மூன்றே: 1950, 1952, 1954. கண்டிப்புக்குப் பெயர்போன பயிற்சியாளர் பில் கிளாஸ்ஃபோர்டை நீக்கக் கோரி 1954 தொடக்கத்தில் ஆட்டக்காரர்களே மனு கொடுத்தனர். நிர்வாகம் அவரைத் தக்கவைத்துக்கொண்டது. விந்தையாக, அதே ஆண்டுப் பருவத்தின் முடிவில் அணி ஆரஞ்சு பௌல் ஆட்டத்துக்குப் போய், ட்யூக் பல்கலைக்கழகத்திடம் 34-7 என்று தோற்றுத் திரும்பியது. 1957-இல் பொறுப்பேற்ற பில் ஜென்னிங்ஸின் முதல் பருவம் ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. ஐந்து ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி 1959 அக்டோபர் 31 அன்று வந்தது. தன் 'மாநாடு' எனப்படும் அணிக் கூட்டமைப்புக்குள் நடந்த ஆட்டங்களில் 74 முறை தொடர்ந்து தோல்வி காணாதிருந்த ஒக்லஹோமாவை நெப்ராஸ்கா 25-21 என்று வென்றது. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பங்களைச் சாய்த்தனர். அந்த ஒரு நாளைக் கழித்துப் பார்த்தால் அக்காலத்தில் மிஞ்சுவது சோர்வே. கோபத்துக்கு எதிர்பார்ப்பு வேண்டும். அந்நாளைய நெப்ராஸ்காவில் எதிர்பார்ப்பு இல்லை.

எதிர்பார்ப்பைக் கொண்டுவந்தவர் பாப் டிவேனி. வயோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து 1962-இல் வந்த அவர் முதல் பருவத்திலேயே ஒன்பது வெற்றிகளை ஈட்டினார். அவ்வாண்டு நவம்பர் 3 அன்று மிசௌரிக்கு எதிரான ஆட்டத்துக்கு 36,501 பேர் திரண்டு, டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அன்று தொடங்கியதுதான் இன்றுவரை அறுபடாமல் வரும் 'முழு விற்பனை'த் தொடர். கல்லூரிக் கால்பந்தில் இதற்கு இணையில்லை. அந்த முதல் ஆட்டத்தில் நெப்ராஸ்கா 16-7 என்று தோற்றது.

டிவேனியும் ஆஸ்போர்னும்

1967, 1968 ஆகிய இரு பருவங்களிலும் ஆறு வெற்றி, நான்கு தோல்வி. 1968-இல் கன்சாஸ் ஸ்டேட்டிடம் சொந்த ஊரிலேயே ஒரு புள்ளிகூட எடுக்காமலும், ஒக்லஹோமாவிடம் 47-0 என்றும் தோற்றபின் டிவேனி விலக வேண்டும் என்ற குரல் எழுந்தது. அவர் இளம் உதவியாளர் டாம் ஆஸ்போர்னிடம் தாக்குதல் ஆட்டத்தைப் புதிதாக அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். 1970, 1971 இரண்டிலும் தேசியச் சாம்பியன் பட்டம் வந்தது. விலகச் சொன்னவர்கள் இருந்ததாக அதன்பின் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

1973 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆஸ்போர்ன் 255 வெற்றிகள் பெற்றார். எந்தப் பருவத்திலும் ஒன்பதுக்குக் குறைந்ததில்லை. ஆயினும் பெரிய ஆட்டத்தில் வெல்லத் தெரியாதவர் என்ற முணுமுணுப்பு இருபது ஆண்டு அவரைத் துரத்தியது. ஒக்லஹோமாவிடம் முதல் ஐந்து ஆண்டும் தோற்றார். 1984 ஜனவரியில் மயாமிக்கு எதிரான ஆரஞ்சு பௌலில், சமன் செய்தாலே பட்டம் கிட்டும் என்ற நிலையில், வெற்றிக்காக இரண்டு புள்ளி முயன்று 31-30 என்று இழந்தார். 1987 முதல் 1993 வரை ஏழு பௌல் ஆட்டங்களிலும் தோல்வி. பின்னர் 1994, 1995, 1997 ஆகிய மூன்று பட்டங்கள் எல்லா வாயையும் அடைத்தன. ஆண்டுக்கு ஒன்பது வெற்றி என்பது இயல்பு நிலை, அதற்குக் கீழ் எதுவும் குற்றம் என்ற அளவுகோல் இக்காலத்தில்தான் உருவானது.

2003 நீக்கமும் 2007 பருவமும்

ஆஸ்போர்னுக்குப் பின் வந்த பிராங்க் சோலிச் 1999-இல் மாநாட்டுப் பட்டம் வென்றார். 2001 பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்று மயாமியிடம் 37-14 என்று தோற்றார். 2002-இல் ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்றானதும் பொறுமை தீர்ந்தது. மறு ஆண்டு ஒன்பது வெற்றிகள் பெற்று, கொலராடோவை வென்ற மறுநாளே, விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன் அவரை நீக்கினார். அணி நடுத்தரத்துக்கு நழுவுவதை அனுமதிக்க முடியாது என்பது பீடர்சன் சொன்ன காரணம். ஆழமான சரிவு இந்த முடிவிலிருந்தே தொடங்குகிறது. நடுத்தரம் என்று அவர் கருதிய ஒன்பது வெற்றிக்காகப் பின்னாளில் மாநிலமே ஏங்கியது.

ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து பில் கேலஹன் அழைத்து வரப்பட்டார். பந்தை ஏந்தி ஓடும் நெப்ராஸ்காவின் மரபான ஆட்டத்தை விட்டு, எறிந்து ஆடும் முறையைப் புகுத்தினார். 2004-இல் டெக்சாஸ் டெக்கிடம் 70-10 என்ற தோல்வியுடன் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961-க்குப் பின் முதல் தோல்விப் பருவம் அது. முப்பத்தைந்து ஆண்டு தொடர்ந்த பௌல் அழைப்பும் நின்றது. அடுத்த இரு ஆண்டுகள் தேறின. 2007 செப்டம்பரில் பீடர்சன் கேலஹனின் ஒப்பந்தத்தை 2011 வரை நீட்டித்தார்.

நீட்டித்த கையோடு எல்லாம் குலைந்தது. சொந்த மைதானத்தில் தெற்குக் கலிபோர்னியாவிடம் 49-31, வெளியூரில் மிசௌரியிடம் 41-6. அக்டோபர் 13 அன்று, பழைய மாணவர்கள் கூடும் விழா ஆட்டத்தில், ஒக்லஹோமா ஸ்டேட் இடைவேளைக்குள் 38-0 என்று முன்னிலை பெற்று, 45-14 என்று முடித்தது. ஒரு டிக்கெட்டும் விற்காமல் போகவில்லை. இருக்கைகள் மட்டும் காலியாயின. இரண்டு நாளில் பீடர்சன் வெளியேற்றப்பட்டார். எழுபது வயதான ஆஸ்போர்ன் இடைக்கால இயக்குநராகத் திரும்பி வந்தார். நவம்பரில் கன்சாஸ் 76-39 என்று வென்றது. நெப்ராஸ்கா அதுவரை ஓர் ஆட்டத்தில் விட்டுக்கொடுத்த அதிகபட்சப் புள்ளிகள் அவை. கொலராடோவிடம் 65-51 என்ற தோல்வியுடன் பருவம் முடிந்த மறுநாள் கேலஹனும் நீக்கப்பட்டார்.

அதிருப்தியின் போக்கு

மற்ற ஊர்களில் ரசிகர் வராமல் நின்றுவிடுவதே கண்டனம். நெப்ராஸ்காவில் அந்த வழி அடைபட்டது. முழு விற்பனைத் தொடரை அறுப்பது தாத்தா காலத்துச் சொத்தை விற்பதற்குச் சமம். அணி எவ்வளவு தோற்றாலும் சீட்டை வாங்கிவிடுவார்கள். எனவே கோபம் வேறு மடைகளில் பாய்ந்தது. வானொலி நிலையங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள், நன்கொடையாளர்களின் நெருக்கடி, இடைவேளையில் எழுந்து போவது ஆகியவை முதன்மையானவை. பல்கலைக்கழகத்தை ஆளும் குழுவினரை இம்மாநிலத்தில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதால், கால்பந்துப் புகாருக்கு வாக்குச்சாவடி வரை பாதை உண்டு. ஆனால் மைதானப் பக்தி அப்படியே வாக்காகிவிடுவதும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஆஸ்போர்ன், 2006-இல் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சி முதனிலைத் தேர்தலில் தோற்றுப்போனார்.

சில நேரம் எதிர்த்தாக்குதலும் நடந்தது. 2008 முதல் 2014 வரை பயிற்சியாளராக இருந்த போ பெலீனி, 2011-இல் ஓஹியோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அணி பின்தங்கியபோது எழுந்து சென்ற ரசிகர்களைக் கெட்ட வார்த்தைகளால் திட்டிய ஒலிப்பதிவு 2013-இல் வெளியானது. அவர் ஆண்டுதோறும் ஒன்பது அல்லது பத்து வெற்றி தந்தவர். அந்தப் பதிவுக்குப் பின்னும் ஓராண்டு நீடித்து, 2014 நவம்பரில் ஒன்பது வெற்றிகளோடு வெளியேற்றப்பட்டார். சோலிச் கதை மீண்டும் நடந்தது என்றே கொள்ள வேண்டும்.

முழு விற்பனைக் கணக்கிலும் பூச்சுவேலை உண்டு. 2020-இல் பெருந்தொற்றால் பார்வையாளர்களை அனுமதிக்காத ஆட்டங்கள் சேர்க்கப்படவில்லை. 2021-இல் விற்காமல் நின்ற சீட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதி குறைந்த சிறார்களுக்குக் கொடுத்தனர். சிறார்களுக்கு நல்லதுதான், தொடருக்கும் நல்லது.

பிந்தைய ஆண்டுகள்

பெலீனிக்குப் பின் பயிற்சியளித்த மைக் ரைலியின் மூன்று ஆண்டுகள் (2015–2017) 19 வெற்றி, 19 தோல்வி. 1997 சாம்பியன் அணியின் தாக்குதலை வழிநடத்திய ஆட்டக்காரர் (குவாட்டர்பேக்) ஸ்காட் ஃப்ராஸ்ட் 2018-இல் மீட்பராக வரவேற்கப்பட்டு, முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றார். 2021-இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். சொந்த மைதானத்தில் 35 அல்லது அதற்கு மேல் புள்ளி எடுத்த 214 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணி, 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றதும் அவர் நீக்கப்பட்டார். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குரிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. அவர் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி.

மேட் ரூல் தற்போதைய பயிற்சியாளர். 2024-இல் அணி எட்டு ஆண்டுகளுக்குப் பின் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்று, பாஸ்டன் கல்லூரியை 20-15 என்று வென்றது; முழு விற்பனைத் தொடர் அதே ஆண்டில் 400 ஆட்டங்களைத் தாண்டியது.