எடோ நகரின் எரு வணிகம்

18ஆம் நூற்றாண்டில் சுமார் பத்து லட்சம் பேர் வாழ்ந்த எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், மனித மலத்துக்கு விலை இருந்தது. ஜப்பானில் கால்நடைகள் குறைவு. சாணத்தை நம்பி வேளாண்மை செய்ய முடியாது. புல்வெளிகள் விளைநிலமானதால் தழையுரமும் சுருங்கியது. காயவைத்த மத்தி மீன் நல்ல உரம்தான். சிறு உழவர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்கள் நகரத்தாரின் கழிவறைகளையே நம்பின.

ஏழைகள் குடியிருந்தது நாகயா எனப்பட்ட வரிசை வீடுகளில். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிவறை: அரைக் கதவு, கீழே தொட்டி. உழவர் காவுதடியில் இரண்டு மரவாளிகளைத் தொங்கவிட்டு வந்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் மொண்டு நிரப்பிக்கொண்டு போவார். கால்வாயில் படகேறும் சரக்கு கிழக்கே கசாய் தோட்டங்களைச் சேரும். அந்த வருமானம் குடியிருப்பவருக்கு இல்லை. வீடுகளை மேற்பார்த்த ஓயாவுக்கே. பணமாகவும் வரும், முள்ளங்கியாகவும் கத்தரிக்காயாகவும் வரும். ஒசாகாவில் உரிமையைப் பிரித்தே வைத்திருந்தார்கள்: மலம் வீட்டுக்காரருக்கு, சிறுநீர் குடித்தனக்காரருக்கு. குடியிருக்கும் ஆள் குறைந்தால் வீட்டுக்காரரின் மல வருமானமும் குறையும் என்பதால் வாடகை ஏறும். உடல் கழிக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீரில்தான் இருக்கிறது. எனவே குடித்தனக்காரரின் பங்கை அற்பமென்று சொல்ல முடியாது.

பிரபுக்களின் மாளிகைக் கழிவுக்குக் கூடுதல் விலை. நல்ல சாப்பாடு நல்ல எருவாகும் என்பது உழவர் கணக்கு. 1724இல் ஒசாகா அருகே இரு கிராமக் கூட்டங்கள் அள்ளும் உரிமைக்காக மோதிக்கொண்டன. 1789இல் எடோவைச் சுற்றியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் விலையைக் குறைக்கக் கோரி அரசிடம் மனு கொடுத்தன. எரு விலை உழவரின் கழுத்தை எப்படி நெரித்தது என்பதற்கு இந்த மனுவைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

எருவைப் பச்சையாக இடுவதில்லை. மண்ணில் பதித்த தொட்டிகளில் வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, நீர் கலந்து வேரடியில் ஊற்றினர். புளிப்பில் கிருமிகள் பல மடிந்தன. உருண்டைப்புழு முட்டைகள் பல தப்பி, காய்கறியோடு நகரத்துக்கே திரும்பின. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றத்தைத் திணறடித்தபோது, எடோவின் ஆறுகளுக்கு அந்த நிலை வரவில்லை. ஆனாலும் அதே ஆண்டில் காலரா எடோவையும் சூறையாடியது.

20ஆம் நூற்றாண்டில் ரசாயன உரம் பரவியது. நகரம் விரிய, தோட்டங்கள் தொலைவுக்குப் போயின. காசு கொடுத்து அள்ளிய உழவருக்குப் பதில், காசு கொடுத்து அள்ளச்சொல்லும் வீட்டுக்காரர் வந்தார். போர்க்காலத்தில் லாரிக்கு எரிபொருள் கிடைக்காததால் 1944இல் டோக்கியோவின் செய்பு ரயில்பாதையில் மல வண்டிகள் ஓடத் தொடங்கின. 1953 வரை அவை ஓடின. போருக்குப் பின் வந்த அமெரிக்கப் படையினர் குடற்புழுவுக்கு அஞ்சி, மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கும் பண்ணைகளைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளில், 1950களிலிருந்து, அகப்பையின் வேலையை உறிஞ்சு லாரிகள் ஏற்றன.