டூக்கோ பளபளப்பு

ஆயுத பூஜை நெருங்கினால் எனக்கு இன்றும் மண்ணெண்ணெய் வாசனைதான் நினைவுக்கு வரும். என் அப்பா கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டில் டிரைவர். வண்டி, கறுப்பு அம்பாசிடர். பூஜைக்கு முதல் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டிக்குக் குளியல் நடக்கும். எடுபிடி வேலை எனக்கு.

அப்பாவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உள்ளே. ரப்பர் மேட்டுகளைக் கழுவி வெயிலில் போடுவார். ரெக்ஸின் சீட்டைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைப்பார். கண்ணாடிக்கு நனைத்த பழைய பேப்பர். பிறகு பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் எண்ணெய் அழுக்கை எடுப்பார். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வெந்நீர், அதன் மேல் கிரீஸ். கடைசியில்தான் வெளிப்புறம். மேலிருந்து கீழாகத் தண்ணீர், பிறகு காம்பவுண்ட், அதற்கு மேல் மெழுகு பாலிஷ், மஞ்சள் துணியால் தேய்ப்பு.

ஏன் அவ்வளவு தேய்க்க வேண்டியிருந்தது? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்ப காலக் கார்களுக்கு வார்னிஷைப் பிரஷ்ஷால் பல பூச்சாகப் பூசுவார்கள். காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி தயாரித்த டூக்கோ பெயிண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் அடித்தது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் அந்த வகைப் பெயிண்டுக்கெல்லாம் டூக்கோ என்றே பேர் நிலைத்துவிட்டது.

சீக்கிரம் காயும், ஆனால் தேய்த்தால்தான் முழுப் பளபளப்பு வரும். வெயிலில் வெளிறவும் செய்யும். காம்பவுண்டில் இருக்கும் நைஸான அரைப்பொடி, வெளிறிய மேல் படலத்தைச் சுரண்டி அடியில் இருக்கும் நல்ல நிறத்தைக் காட்டும். அதாவது ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் பெயிண்ட் போய்விடும்.

இதை நான் கற்றது 1969ல், பன்னிரண்டு வயதில். டாக்டர் வண்டிக்கு ஒர்க்ஷாப்பில் மறுபடி டூக்கோ அடித்திருந்த சமயம். அப்பா சாப்பிடப் போனபோது, அவர் மெச்ச வேண்டும் என்று முன் மட்கார்டு விளிம்பில் காம்பவுண்ட் வைத்து அழுத்தித் தேய்த்தேன். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாலணா அகலத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. டாக்டரிடம் போய், "நான்தான் அழுத்தித் தேய்ச்சுட்டேன் ஐயா" என்றார். பெயிண்ட் செலவை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு எனக்குச் சட்டை வந்தது. அப்பாவுக்கு வேட்டி வரவில்லை. பூஜையன்று மட்கார்டில் அந்த இடத்தின் மேல் சந்தனமும் குங்குமமும் சற்றுப் பெரிதாகவே வைத்தார்.

1980களுக்குப் பிறகு நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு பரவலாக வந்தது. உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பும் 2014ல் நின்றுபோயிற்று. என் மகன் காருக்கு வாரம் ஒரு முறை தண்ணீரும் துணியும் போதும். இருந்தாலும் பேரன் துடைக்கும்போது, "ஓரத்தில் மெதுவாடா" என்று என்னை அறியாமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இருந்தவரை அந்த நாலணா இடத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. நானாவது ஒரு நாள் பேசியிருக்கலாம்.