குற்றம் பம்பின் மேல் இல்லை

எங்கள் வீட்டு வாசலில் பூமிக்குள் பத்தடி ஆழத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. சென்னையில் அதற்குச் 'சம்ப்' என்று பெயர். குழாயில் வரும் தண்ணீர் அதில் விழும். மேலே இருக்கும் பம்பு அதை உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏற்றும். ஒழுங்காக ஏற்றும் வரையில் அப்படி ஒரு யந்திரம் இருப்பதே யாருக்கும் நினைவிராது. ஒரு நாள் காலை மோட்டார் வழக்கம் போல் முழங்கியது. மாடியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"பம்பு போயிற்று" என்று தீர்ப்புக் கூறிவிட்டு, மிஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வருவதற்குள் நாமே பார்த்துவிட்டால் என்ன என்று ஒரு சபலம். தொட்டியின் மூடியைத் திறந்து, ஏணியில் ஒரு காலையும் வைத்துவிட்டேன்.

"சார், மேலே வாங்க!" என்று ஓர் அதட்டல். என் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பிறகு என்னை அப்படி அதட்டியவர் இந்த மிஸ்திரிதான். நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"மூடிக் கிடக்கிற தொட்டியிலே காத்து நல்லதா கெட்டதான்னு கண்ணுக்குத் தெரியாது, சார். மயங்கி விழுந்தவனைத் தூக்கப் போறவனும் அங்கேயே விழுவான். போதாததுக்குக் கரண்ட்டு வேறே. பம்பைப் பார்க்க உள்ளே இறங்கவே வேண்டாம்."

பம்பின் தலையிலிருந்த திருகைக் கழற்றி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். அது நிற்காமல் கீழே போய்விட்டது. "பம்பு மேலே குத்தமில்லை, சார். ஃபுட் வால்வு மூடலை, தண்ணி இறங்கிடுச்சு. உள்ளே வெறும் காத்து. இப்படியே ஓட்டினா சீல் எரிஞ்சுடும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய இதே வார்த்தையை நான் ஒரு பழைய புத்தகத்தில் படித்திருக்கிறேன்!

1638-ஆம் ஆண்டு லைடன் நகரில் அச்சான புத்தகம் அது. எழுதியவர் கலிலியோ, ஃபிளாரன்ஸுக்கு அருகே வீட்டுக் காவலில் இருந்த கிழவர். அதில் வரும் சாக்ரெடோ என்பவர் ஒரு சமாசாரம் சொல்கிறார். ஒரு நீர்த்தொட்டியின் மேல் பம்பு வைத்திருந்தார்களாம். தண்ணீர் ஓரளவுக்குக் கீழே போனதும் பம்பு வேலை செய்யவில்லை. யந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணித் தொழிலாளி ஒருவனை அழைத்தார். அவனோ, குற்றம் பம்பில் இல்லை, தண்ணீர்தான் மிகவும் கீழே போய்விட்டது என்றானாம். உறிஞ்சுகிற எந்த யந்திரத்தாலும் பதினெட்டு 'பிராச்சியா'வுக்கு மேல் ஏற்ற முடியாதாம். நம் கணக்கில் அது சுமார் 34 அடி.

அவனுக்கு அளவு தெரிந்திருந்தது. காரணம் கலிலியோவுக்கே சரியாகப் பிடிபடவில்லை. நீளமான கயிறு தன் கனத்தாலேயே அறுவதைப் போல் நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று அபிப்பிராயப்பட்டார். அவருடைய கடைசி மூன்று மாதங்கள் உடனிருந்த டாரிசெல்லிதான் 1643-ல் முடிச்சை அவிழ்த்தார். தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமான பாதரசம், கண்ணாடிக் குழாயில் சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. ஆகவே பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை! குழாயிலிருந்து காற்றை அகற்றி வழி விடுகிறது. வெளிக்காற்றின் கனம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அந்தக் கனம் சுமார் 34 அடி நீருக்குத்தான் ஈடு. அதனால்தான் ஆழ்துளைக் கிணறுகளில் பம்பையே தண்ணீருக்குள் இறக்கி, மேலே தள்ளச் செய்கிறார்கள். அந்த வகை பம்பு ஓடும்போது தொட்டியில் கை வைப்பது யமனுக்குக் கை நீட்டுவதாகும்.

எங்கள் தொட்டி பத்தடிதான். ஆழத்தைக் குறை சொல்ல வழியில்லை. மிஸ்திரி இணைப்பைக் கழற்றி, வெளியில் நின்றபடியே குழாயைத் தூக்கினார். அடியிலிருந்த வால்வின் வாயில் ஒரு காரைத் துண்டு! அதை எடுத்தார், குழாயைப் பூட்டி, செம்புத் தண்ணீர் ஊற்றினார். இந்தத் தடவை நின்றது. எர்த் கம்பியைச் சோதித்துவிட்டு மோட்டாரைப் போட்டார். மாடியில் தண்ணீர் கொட்டிற்று.

அந்த இத்தாலியத் தொழிலாளியின் பெயரைக் கலிலியோ எழுதி வைக்கவில்லை. நான் மிஸ்திரியின் பெயரை என் டயரியில் குறித்துக்கொண்டேன். பக்கத்திலேயே அவருடைய வரிசையையும்: முதலில் மெயின் சுவிட்சு, பிறகு செம்புத் தண்ணீர், கடைசியில்தான் ஸ்பானர். ஏணி அந்த வரிசையிலேயே இல்லை.