நான்கு சோதனைகளும் ஒரு சமச்சீரும்



கோட்டயத்தில் பிறந்த இ. சி. ஜி. சுதர்சன், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று 1951-இல் பட்டம் பெற்றவர். அவர் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, பீட்டாச் சிதைவுக்குக் காரணமான மென்விசை இடத்தையும் வலத்தையும் ஒன்றாக நடத்துவதில்லை என்பது 1957-இல் உறுதியாயிற்று. ஆயின், அவ்விசையின் வடிவம் யாது என்பதில் சோதனைகள் தம்முள் முரண்பட்டன.

சுதர்சனும் அவர்தம் பேராசிரியர் மார்ஷக்கும் எல்லாச் சிதைவுகளுக்கும் பொதுவான ஒரே வடிவத்தைத் தேடினர். 'வி கழித்தல் ஏ' என்னும் வடிவம் கிடைத்தது. சமச்சீர் நெறி ஒன்று அதனைத் தாங்கியது. நான்கு சோதனைகள் எதிர்நின்றன. அவர்கள் கோட்பாட்டைத் திருத்தவில்லை. அச்சோதனைகளை மீண்டும் செய்யுமாறு கோரினர். 1958-இல் செர்ன் ஆய்வகம் பையான் எலெக்ட்ரானாகச் சிதைவதைக் கண்டது. ஏனைய மறுசோதனைகளும் கோட்பாட்டின் பக்கமே நின்றன. முதலில் பரவியவை ஃபைன்மன், கெல்மான் பெயர்களே. சுதர்சன், மார்ஷக்கின் முன்மையைப் பின்னர் ஃபைன்மனே ஒப்புக்கொண்டார்.

கிள்ளான் வகுப்பறைகளில் இலக்கணம் கற்பிப்போர்க்கும் இதில் பாடமுண்டு. விதிக்கு மாறான சான்று கிடைத்தவுடன் புறனடை வகுத்துவிடுகிறோம். அச்சான்றின் பாடமே பிழையோ என ஏடுகளை ஒப்பிட்டு நோக்குவதில்லை. எனினும் ஒன்று: பல இடங்களில் பொருந்திய விதிக்கே அவ்வுரிமை உண்டு. ஏனையவற்றுக்கு அது வெறும் பிடிவாதம்.