அனுமதியும் படையெடுப்பும்: ஈராக் போர் தரும் பாடம்

படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் வழங்குவது ஒன்று. படையெடுப்பதென முடிவெடுப்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், போருக்குப் பொறுப்பாளி யார் என்பதே மறைந்துவிடும். ஈராக் போரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்க அரசியல் சாசனப்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது. 2002 அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 என்றும், செனட் சபை 77-க்கு 23 என்றும் வாக்களித்து, ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்த அதிபர் புஷ்ஷுக்கு அனுமதி வழங்கின. அத்தீர்மானம் போருக்கு நாள் குறிக்கவில்லை. எப்போது, எந்த அளவில் என்பதை அதிபரின் முடிவுக்கே விட்டது. இதற்கு ஒப்புதல் அளிப்பதால் போர் தவிர்க்க முடியாததாகிவிடாது என்று வாக்கெடுப்புக்கு முன் புஷ்ஷே பேசியிருந்தார். மிரட்டல் இருந்தால்தான் சதாம் ஹுசைன் பணிவார் என நம்பி வாக்களித்தோரும் உண்டு.

நவம்பர் 8 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினர்களும் 1441-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினர். அம்மாத இறுதியில் ஆயுதப் பரிசோதகர்கள் ஈராக்கில் தம் பணியைத் தொடங்கினர். 2003 மார்ச்சில் ஈராக் தன் அல்-சமூத் 2 ஏவுகணைகளை அழிக்கத் தொடங்கியது. பணி முடியச் சில மாதங்கள் தேவைப்படும் என்று மார்ச் 7 அன்று தலைமைப் பரிசோதகர் ஹான்ஸ் பிளிக்ஸ் பாதுகாப்புச் சபையில் தெரிவித்தார். அந்த அவகாசம் தரப்படவில்லை. மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது.

அனுமதிக்கும் படையெடுப்புக்கும் இடையே ஐந்து மாதங்கள் இருந்தன. காத்திருக்கும் வழி திறந்தே இருந்தது. ஆகவே, படையெடுத்தது அதிபரின் முடிவு. அதை அக்டோபர் வாக்கின் தவிர்க்க முடியாத விளைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்பதை 2004-இல் அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே உறுதி செய்தது.

பிரிட்டனின் நிலை வேறு. அங்கு 2003 மார்ச் 18 அன்று, படைகள் எல்லையில் ஆயத்தமாக நின்றபோது, மக்கள் சபை 412-க்கு 149 என வாக்களித்தது. அதில் ஆதரித்தோர் போரையே ஆதரித்தனர்.

ஆயினும், அனுமதி வழங்கியோர் கைகழுவிவிட இயலாது. மீண்டும் தம்மிடம் வந்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை அவர்கள் விதித்திருக்கலாம். விதிக்கவில்லை. அதிகாரம் ஓர் அமானிதம். அதைத் தவறாகப் பயன்படுத்தியவர் முதற்குற்றவாளி; கடிவாளமின்றிக் கையளித்தவர்களும் வரலாற்றுக்குப் பதில் கூறவே வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.